இரண்டு குருசாமிகள்

என்னோடு வேலை செய்த புனிதா போய்விட்டாள் என்று தொலைபேசியில் சொன்னபோது ஹட்டனில் நுவரெலியா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். அழுகை வந்தது. கூடவே, இவள் சாவுக்கு எத்தனை தேயிலைத் தோட்டத்துச் சனம் வரும், என் சாவுக்கு யார் வருவார்கள் என்ற நினைப்பும் வந்தது. எங்கள் மலேரியா பிரிவில் வேலை செய்த உங்களுக்கு இது புதிதல்ல. எனக்கு அவள்மீது பொறாமை.

பெட்டியால் வந்த பொறாமை அது. நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டாலும் வெளிநாடு போய் வருகிறவர்களின் இரத்தத்தில் திரும்பி வரலாம். அதைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. பல வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண் பொருத்தித் தேடியவள் நான். பிறகு, தோளில் மாட்டி, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கே கொண்டுபோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கிற பெட்டி வந்தது. அதை என்னைவிட இளையவளான புனிதாவிடம் கொடுத்தார்கள். "காய்ச்சல் பொட்டி அக்கா வந்துட்டாங்க" என்று தோட்டமெல்லாம் அவளுக்கு வரவேற்பு. இஞ்சித் தேத்தண்ணி முதலில் அவளுக்கு, மிச்சமிருந்தால் எனக்கு.

"ஒங்க கண்ணு மாதிரி வருமாக்கா?" என்பாள். உண்மையாகத்தான் சொல்வாள். அது இன்னும் எரிச்சல்.

டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில், சபரிமலை போய்த் திரும்பியவர்களுக்கு இரத்தம் எடுத்தோம். பெயர்களை எழுதியது நான். ஆட்கள் கலைந்த பிறகு, குருசாமி என்பவருக்கு மலேரியா என்றது பெட்டி. குருசாமியைக் கூப்பிட்டோம். நல்ல திடமான மனிதர் வந்தார். மறுபடி அவர் இரத்தத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"பெட்டி பொய் சொல்லுது, சேர்" என்று எல்லார் முன்னாலும், எங்களோடு வந்திருந்த டொக்டரிடம் சொன்னேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

புனிதா வாதாடவில்லை. வந்தவரிடம், "சாமி, ஒங்க சொந்தப் பேரு என்னாங்க?" என்று கேட்டாள்.

"மாணிக்கம்ங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போறதால குருசாமின்னு கூப்புடுவாங்க."

பெற்றவர்கள் வைத்த பெயரே குருசாமியான இன்னொருவர், லயத்தில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். புனிதா ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். நெடுநேரம் தேடி அவர் இரத்தத்தில் கிருமியை நானும் கண்டேன். மருந்து கொடுத்ததில் மனிதர் பிழைத்தார். நான் இரண்டு பேரையும் வெறும் குருசாமி என்று எழுதி, லய இலக்கத்தைக் கேட்காமல் விட்டிருந்தேன். புனிதாவைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் வந்த வினை.

"யார் இந்த லிஸ்ட்டை எழுதினது?" என்று டொக்டர் கத்தினார்.

"என் பிழைதான் சேர். நான் சரியா கேக்கல" என்றாள் புனிதா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது வேனில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பொட்டி வந்ததுலருந்து நீங்க படுற பாடு எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். அந்த மனசைப் பார்த்தும் பொறாமைதான் பட்டேன்.

அன்றிலிருந்து நீங்கள் எல்லாரும் அவளை 'ரெண்டு குருசாமி' என்று கேலி செய்தீர்கள். அவள் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். சாவு வீட்டிலும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லி அழுதார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார்கள். இத்தனை காலம் நான் ஏங்கியது அதற்குத்தான். அது அரசாங்கத்தின் சொத்து, ஒரு நாள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தப் பிழையைத்தான். இனி 'ரெண்டு குருசாமி' என்று யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், என்னைக் கூப்பிடுங்கள்.