பழி சுமந்த அந்திமந்தாரை

என் மகள் நெற்றி உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டோடு பிறந்தாள். அந்த இடத்து முடியும் வெள்ளை. தாராவியில் எங்கள் சந்துக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் பிள்ளையையா பார்த்தார்கள்? என்னைத்தான் பார்த்தார்கள். "இவ வழியில ஏதோ சீக்கு இருக்கு" என்று ஊர்க்காரப் பெரியம்மா ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

உடனே மாமியார் எழுந்துபோய், வாசலில் பெயிண்ட் டப்பாவில் நான் வளர்த்த அந்திமந்தாரையை வேரோடு பிடுங்கினார். மஞ்சள் பூவில் சிவப்பு தெறித்த செடி அது. ஒன்றில் கீற்று, ஒன்றில் பாதி. ஒரு பூவைப் போல இன்னொன்று இருக்காது. மாசமாக இருந்தபோது சாயங்காலமானால் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"வயித்துப்பிள்ளக்காரி எதப் பாக்காளோ, பிள்ள அப்படித்தான் பொறக்கும். இந்தச் சனியன் பூவத்தான் பாத்துக்கிட்டே கெடந்தா" என்றார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் அதைப் பாதி நம்பினேன், அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டு இந்தியில் கேட்டேன், பூவைப் பார்த்ததாலா என்று. அவர் சிரிக்கவில்லை. பூவின் கதை வேறு என்றார். அதன் மரபணுவில் ஒரு துண்டு, லோக்கல் ரயிலில் இடம் மாறி உட்காருகிற ஆளைப் போல. அது உட்கார்ந்த இடத்தில் சிவப்பு வராது, மஞ்சளாகவே நிற்கும். எழுந்துபோன இடத்தில் சிவப்பு திரும்பிவிடும். பிள்ளைக்கு அப்படி இல்லை; கருவில் வளரும்போதே நிறம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வருவது. உங்களில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றார் கூட வந்திருந்த என் கணவர். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை இருக்கிறதே.

"அது சின்னதுல சுடுகஞ்சி கொட்டுனதுல்லா" என்றார். டாக்டரம்மா சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். சுட்ட தழும்பு இல்லை, பிறவியிலேயே உள்ளது என்றார்.

வீட்டில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கஞ்சியும் கொட்டல, ஒண்ணும் கொட்டல. நாந்தான் அப்படிச் சொன்னேன். எனக்கும் ஒரு மாமியா இருந்தால்லா?"

"எல்லாம் தெரிஞ்சேதான் எஞ்செடியப் பிடுங்குனியளா?"

"அதப் பிடுங்கலேன்னா அன்னைக்கு அவளுவ ஒன்னயில்லா பிடுங்கியிருப்பாளுவ." ஒரு தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார். "எம்மவங்கிட்டருந்து வந்ததுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இன்றுவரை வரவில்லை. எங்கள் சந்தில் இன்றைக்கும் குற்றவாளி அந்தப் பூதான். அடுத்தபடியாக, அதைப் பார்த்த நான்.