வெக்ஸ்போர்ட்டில் கங்காரு இடித்த சனிக்கிழமை

சென்ற மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் விருந்து. என் மைத்துனர் பத்துப் பேருக்கு நடுவில் நின்று, 1987இல் கங்காரு இறைச்சி வாங்க என்னைக் காரில் கூட்டிப் போனது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கூட்டிப் போகவில்லை. நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். கையில் கேக் தட்டோடு நின்றதால் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் கங்காரு வாங்கிச் சமைக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் தனியாக இருந்தேன். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். கனடா என்னைக் கார் தரிப்பிடத்தில் டிக்கெற் கிழிக்க வைத்தது. அதை எழுதத் தொடங்கினால் கங்காருவுக்கு இடம் இருக்காது. எதிர் வீட்டில் மட்டக்களப்பில் இருந்து வந்த குகதாசனும் அவன் மனைவி யோகராணியும் இருந்தார்கள். யோகராணிக்கு மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் பத்து நிமிடத்துக்குள் வாளியில் சத்தி எடுப்பாள். பதினொரு இறாத்தல் எடை குறைந்துவிட்டது. திங்கட்கிழமையும் இப்படியே வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சேலைன் ஏற்றவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஆங்கிலம் வராது. "பாஷ தெரியாத ஆக்களுக்குள்ள நான் தனியக் கிடக்க மாட்டன்" என்று அழுதாள். அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: மரை இறைச்சி. மானை விடப் பெரிய காட்டு மிருகம் அது. அவளுடைய ஊர்ப் பக்கம் வேட்டையாடி வத்தல் போட்டுச் சாப்பிடுவார்கள்.

ரொறன்ரோவில் மரை ஏது? மான் இருக்கலாம் என்று நினைத்தேன். வெள்ளி மாலை மார்க்கம் நகரில் இருக்கும் மைத்துனருக்குத் தொலைபேசினேன். அப்போதே அவருக்குத் தனி வீடு, புதுக் கார்.

"அத்தான், கார் சீற் புதுசு. இறைச்சி மணக்கும். பஸ்ஸில போங்கோவன், நல்ல சேவிஸ்தானே" என்றார்.

பெப்ரவரி மாதம், பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை. சனி காலை எட்டுப் பத்துக்கு நானும் குகதாசனும் வோர்டன் தெருவில் பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒரு டொலர் ஐந்து சதம். சப்வே நிலையம் நாலரைக் கிலோமீற்றர் தூரம். பஸ் நிலையத்துக்குள்ளேயே போய் நிற்பதால் மறுபடி காசு போடத் தேவையில்லை. யங் தெருவில் தெற்கே போகும் ரயிலுக்கு மாறி, கிங் நிலையத்தில் இறங்கி, கிழக்கே எட்டு நிமிடம் நடந்தால் பழைய சந்தைக் கட்டடம். ஒன்பது ஐந்துக்கு உள்ளே நின்றோம். சேவிஸ் நல்லதுதான். அது என் மைத்துனரால் வந்ததல்ல.

சந்தைக்குள் நுழைந்ததும் மூக்கு விழித்துக்கொண்டது. பாற்கட்டி, மீன், புகையில் வாட்டிய பன்றி, சுடச்சுடப் பாண் ரொட்டி. குகதாசன் குழந்தைப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் நின்றான். காட்டு இறைச்சி விற்கும் கடை ஒரு மூலையில் இருந்தது. கடைக்காரர் கழுத்தே இல்லாத பெரிய மனிதர்.

"மான் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது" என்றார். குகதாசனின் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொதியை எடுத்து வைத்தார். "இது இருக்கிறது. அவுஸ்திரேலியா. கங்காரு."

குகதாசன் என் காதோரம் குனிந்தான். "அண்ணன், அது என்ன தின்னும்?"

"புல்லு."

"வேற ஒண்டும்?"

"புல்லும் இலையும்தான்."

"அப்ப மரைட சொந்தக்காரன்தான். வாங்குங்க."

இறாத்தல் ஏழரை டொலர். மாட்டிறைச்சியின் இரண்டு மடங்கு விலை. இரண்டு இறாத்தல் வாங்கினோம். "இதில் கொழுப்பே இல்லை. ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறு பக்கம் மூன்று நிமிடம். அதற்கு மேல் வைத்தால் செருப்புத்தான்" என்று கடைக்காரர் இரண்டு தரம் சொன்னார். பிள்ளைத்தாச்சிக்கு அரை வேக்காட்டு இறைச்சி கொடுக்க முடியுமா? தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் ரயிலில் குகதாசன் ஒரு யோசனை சொன்னான். "மரை எண்டே சொல்லுவம். கங்காரு எண்டா மனசு ஒத்துக்காட்டி?" நானும் சம்மதித்தேன். பதினொன்றேகாலுக்குக் குகதாசன் வீட்டுக்கு வந்தோம். யோகராணி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

சமையல் என்னுடைய பொறுப்பு. உறைந்திருந்த இறைச்சியைச் சுடுதண்ணீரில் போட்டு அவசரமாக இளக்கினேன். யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிக் கறி எப்படி வைப்பேனோ அப்படியே வைத்தேன். வெங்காயம் வதக்கி, வறுத்த மிளகாய்த்தூள் போட்டு, இறைச்சியைப் பிரட்டி, தகர ரின்னில் அடைத்து வந்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடினேன். முக்கால் மணித்தியாலத்தில் ஒரு துண்டைக் கடித்தேன். பல் போகவில்லை. இன்னும் அரை மணித்தியாலம் வைத்தேன். ஆட்டுக்கு அது சரிவரும். இது வேக வேக இறுகியது. குகதாசன் ஒரு துண்டை வாயின் ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"டயர் பங்சர் ஆனா ஒட்டலாம் அண்ணன்."

அப்போது அறைக் கதவு திறந்தது. பத்து நாளாக எழும்பாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"ஆருகா காட்டிறைச்சிக்குத் தேங்காப்பால் விட்டது?"

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நார் பிரித்தாள். "இது எந்தக் காட்டு மரை?"

புருஷன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் அவன்தான் சொன்னான். "கங்காரு, புள்ள."

"வயித்துப் பைக்குள்ள பிள்ளைய வச்சிட்டுத் திரியிறதே? பள்ளிக்கூடப் புத்தகத்தில கண்டதுதானே?"

"ஓம்."

அவள் தன் வயிற்றில் கையை வைத்தாள். இரண்டு இறாத்தல் இறைச்சியும் திங்கட்கிழமையும் அந்தக் கையில் நின்றன. எனக்குப் பௌதிகம் எதுவும் உதவவில்லை.

"பாவம்" என்றாள். பிறகு இன்னொரு தரம் முகர்ந்தாள். "பாவந்தான். எண்டாலும் மணம் பரவால்ல. கதிரையக் கொண்டாங்க."

கதிரையில் உட்கார்ந்தபடி எங்களை ஆட்டி வைத்தாள். துண்டுகளைக் குழம்பில் இருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் அலசு. உலரத் துடை. பலகையில் வைத்து இடி. வத்தலை அவர்கள் ஊரில் உரலில் இடித்துத்தான் வறுப்பார்களாம். எங்களிடம் உரல் இல்லை. குகதாசன் ரொட்டிக் கட்டையை எடுத்தான். நான் ஒரு கனத்த சட்டியைத் தூக்கினேன். இருவரும் சமையலறை நிலத்தில் குந்தியிருந்து மாறி மாறி இடித்தோம். கீழ் வீட்டுக்காரர் கூரையில் தட்டினார். நாங்கள் இடிக்க அவரும் தட்ட, தாளம் பிசகாமல் போனது.

"அண்ணன், இறைச்சிக்கு அடிங்க. பலகைக்கு அடிக்காதீங்க. வாத்தியார் வேல பாத்த கைதானே, குறி தப்பலாமா?" என்று யோகராணி சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அரை மணித்தியாலத்தில் இறைச்சி தும்பு தும்பாகப் பிரிந்தது. எண்ணெயில் வெங்காயம், செத்தல் மிளகாய், காய்ந்த கறிவேப்பிலை. அதற்குள் தும்பைக் கொட்டி, மிளகு தூவி, முறுக வறுத்து, இறக்கித் தேசிக்காய் பிழிந்தோம். செருப்பு என்று பயம் காட்டப்பட்ட சாமான் வாசலில் நிற்பவனையும் இழுக்கும் வாசத்தோடு வந்தது.

இரண்டு இருபதுக்கு அவள் சோற்றோடு பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். முதல் பிடி சின்னது. இரண்டாவது பெரியது. சோற்றுக் கோப்பை வெறுமையானதும் மூன்று பேரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஐந்து நிமிடம். எட்டு. குகதாசன் வாளியைக் காலால் மெல்லக் கிட்டத் தள்ளி வைத்தான். பத்தாவது நிமிடம் அவள் சட்டென்று எழும்பினாள். நாங்கள் இருவரும் பதறி எழும்பினோம். அவள் எங்களைத் தாண்டிப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

திங்கட்கிழமை எடை பார்த்தார்கள். ஒன்றரை இறாத்தல் கூடியிருந்தது. படுக்கவைக்கவில்லை. ஓகஸ்டில் பெண் பிள்ளை பிறந்தது.

இனிப் போகப்போகிறவர்களுக்கு. சந்தைக்குச் சனி காலையில், ஒன்பதுக்கு முன் போங்கள். விலையை இப்போது நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு இளக விடுங்கள், நாங்கள் செய்ததுபோல் சுடுதண்ணீரில் போட்டு அவசரப்படாதீர்கள். கடைக்காரர் சொன்ன ஆறு நிமிடம் சரி என்று பின்னாளில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழு வேக்காடு வேண்டுமென்றால் குழம்பை மறந்துவிட்டு, அவித்து, இடித்து, வறுங்கள். கீழ் வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள். மிருகத்தின் பெயரை மறைக்காதீர்கள். சாப்பிடுகிறவர் நாம் நினைப்பதை விடத் தைரியசாலி.

அளவையும் கூட்டி வாங்குங்கள். இரண்டு இறாத்தலில் குகதாசனுக்கு ஒரு பிடி கிடைத்தது. எனக்குச் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி யோகராணி ஒரு கரண்டி வைத்தாள். இந்த நகரத்தில் நான் கை நனைத்த வீடுகள் பல. அநேகமாக எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அந்த ஒரு கரண்டியைப் பற்றி எதுவும் இல்லை.