மூன்று காரில் போன நிஜாம் பாய்

போன வாரம் அக்கவுண்ட்ஸ் கல்யாணி மேடம் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போனால், சேகரும் முரளியும் ஏற்கெனவே அங்கே கைகட்டி நிற்கிறார்கள். மேஜை மேல் எங்கள் மூவரின் பெட்ரோல் கிளெய்ம்.

விஷயம் இதுதான். புதன்கிழமை தோறும் தாம்பரம் ஆபீஸிலிருந்து வேளச்சேரி கிளைக்கு மீட்டிங் போக வேண்டும். சொந்தக் காரில் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தருவார்கள். கூட வேலை பார்ப்பவரை ஏற்றிக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல். இந்த விதி வந்ததும் எங்கள் ஆபீஸில் தர்ம சிந்தனை பெருகிவிட்டது!

"ஒரே நாள்ல நிஜாம் பாய் மூணு கார்லயும் போயிருக்காரே... எப்படி சார்?" என்றார் மேடம்.

போகிற வழியில் செம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸ் நிஜாம் பாய்க்குக் கார் கிடையாது. வாய் உண்டு. ஏறினால் இறங்கும்வரை பேச்சுதான். அன்று அவரை ஏற்றிப் போனது சத்தியமாக நான். மற்ற இருவரும் காலி காரில் போய்விட்டு, எப்போதும் லிஃப்ட் கேட்கிற மனிதராயிற்றே என்று அவர் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மூளை!

பாயையே வரவழைத்தார் மேடம். பொய்க் கணக்கென்றால் மெமோ நிச்சயம். சேகருக்கு அடுத்த மாதம் புரமோஷன்... பாவம், முகம் வெளுத்துவிட்டது.

பாய் படிவங்களைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"ஆமா மேடம், மூணுலயும்தான் போனேன். மேடவாக்கம் வரைக்கும் இந்த சார் கார்," என்று என்னைக் காட்டினார். " அங்க சூடா வடை போட்டுக்கினு இருந்தாங்க, எறங்கிட்டேன். அப்புறம் சேகர் சார் வந்தாரு. பள்ளிக்கரணைல கொக்கு பார்க்கலாம்னு எறங்கினேன். மிச்ச தூரம் முரளி சார்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் கூடுதல் ரூபாயை மூன்றாகப் பிரித்தார். உண்மையை எழுதிய எனக்கு மேடவாக்கம் வரைதான்! எரிச்சலாக வந்தது.

"ஏன் பாய் இப்படி?" என்றேன் வெளியே வந்ததும்.

"மூணு பேரும் எனக்கு வண்டிய நிறுத்தினவங்க சார். மாட்டி வுட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு லிஃப்ட் கேப்பேன்?"

லிஃப்ட் கொடுத்த நாங்கள் ரூபாய்க் கணக்குப் பார்த்தோம். ஓசியில் வருகிறவர் என்று நாங்கள் கேலி செய்த மனிதரோ, ஏறிய ஒரு காரையும் மறக்கவில்லை. எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

இந்தப் புதன்கிழமை செம்பாக்கம் ஸ்டாப்பில் மூன்று கார்கள் வரிசையாக நின்றன. பாய் நேராக என் மாருதிக்கு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நடுவுல எறங்க மாட்டேன் சார்."

மேடவாக்கத்தில் நானே வண்டியை ஓரங்கட்டினேன். வடை நிஜமாகவே சூடாகத்தான் இருந்தது.