எஸ்தர் பாடிய என் கூவல்

அந்தமானில் சாத்தம் ஜெட்டியில் பாம்பூஃப்ளாட் போகும் படகுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. மீன் விற்கும் பெங்காலி மாலா சொன்னாள்: "மாசி, ஆப்கா கானாவாலி சலா கயா." உங்கள் பாட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். எஸ்தருக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர்.

சாத்தம் மர ஆலைத் தொழிலாளியின் மகள் அவள். சர்ச்சில் தொடங்கி ஐரோப்பா வரை போய்ப் பாடினாள். அவளுடையது பெண்குரலில் மிக உயர்ந்த வகை, சொப்ரானோ என்பார்கள். நானூறு வருஷப் பழைய பாட்டும் பாடுவாள், போன வாரம் எழுதியதும் பாடுவாள்.

"நடுவுல உள்ளதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆள் நெறைய இருக்கு அக்கா."

சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து வந்து, அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினேன். கச்சால் ரப்பர் தோட்டத்தில் தள்ளித் தள்ளி நின்று பால் வெட்டும் பெண்களுக்கு ஆளுக்கொரு கூவல் உண்டு. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். ஊருக்கு வந்திருந்த எஸ்தர் என் கூவலை ஃபோனில் பிடித்துக்கொண்டாள். பாடமும் சொன்னாள்: "கூவி முடிச்சதும் வாயை மூடாதீங்க அக்கா. சத்தம் போய்ச் சேரட்டும்." முப்பது வருஷம் காட்டில் கூவியவளுக்குச் சொன்னாள்.

அடுத்த வருஷம் போர்ட் பிளேர் மண்டபத்தில் ஒரு புதுப் பாட்டு பாடினாள். நடுவே என் கூவல் வந்தது. அங்கே கொடுத்த அச்சடித்த தாளைப் பேத்தியிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பாட்டை எழுதிய வெள்ளைக்காரர் பெயர்தான் இருந்தது. என் வீடு, பாத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் கடலோடு போயிற்று. மிஞ்சியது அந்தக் கூவல். அதுவும் பெயரில்லாமல் போவதா?

பிறகு படகில் அவளைப் பார்த்தால் முதுகைக் காட்டினேன்.

"அக்கா, கோவமா?"

"திருடியோட எனக்குப் பேச ஏலாது" என்று கடலைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த வெள்ளைக்காரருக்கு எழுதியிருக்கேன். உங்க பேரு போடாம இனி அதைப் பாடமாட்டேன்."

நம்பவில்லை. அந்தப் பாட்டுக்காகக் கூப்பிட்ட இரண்டு ஊர்களுக்கு அவள் போகவில்லை என்று அவள் அம்மா சொன்னபோதும் நம்பவில்லை.

ஒரு வருஷம் கழித்து, அதே படகில் புதிதாக அச்சடித்த ஒரு தாளை நீட்டி, ஒரு வரியைத் தொட்டாள். "இதான் நீங்க."

"எனக்கு இங்கிலீஸ் வராதுன்னுதானே காட்டுற? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி."

கம்பியைப் பிடித்து எழுந்தாள். 'கச்சால் ராமாயி' என்று என் பெயரைத் தன் உச்சக் குரலில் பாடினாள். யாரோ ஏற்றி வந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. படகோட்டும் சாரங் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்து, "அரே, க்யா ஹுவா?" என்றார். நான் எழுந்து என் கூவலைக் கொடுத்தேன். படகே கை தட்டியது. மாலா இன்னொரு தடவை வேண்டும் என்றாள். இருவரும் சேர்ந்து கொடுத்தோம்.

அந்தத் தாள் என் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு இருக்கிறது. அவள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன தூக்குச்சட்டி இன்னும் திரும்பி வரவில்லை. அதை நான் விடுவதாக இல்லை.

நேற்று கல்லறையில் ஜெபம் முடிந்ததும் கூவினேன். பாதிரியார் திடுக்கிட்டுத் திரும்பினார். மாலா சிரித்துவிட்டாள். கூவி முடித்தும் நான் வாயை மூடவில்லை. சத்தம் போய்ச் சேரட்டும்.