நகத்தில் தட்டியது

"புது மிஷின் சார் இது. நகத்தால என்னத்த சொரண்டிப் பாக்குறீங்க?" என்று கடலூர்க் கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்தேன். பல மாதங்களாக இதே கதைதான். உள்ளங்கையில் வைக்கக்கூடிய நீராவி இஞ்சின் ஒன்றை என் கையால் செய்து ஓடவிட வேண்டும். அதற்கு உலோகத்தை உருட்டிக் கடைய ஒரு சிறிய லேத்தும், செதுக்க ஒரு மில்லிங் இயந்திரமும் தேவை. சிதம்பரத்தில் பஸ் ஏறும்போது எதை வாங்குவது என்ற முடிவோடுதான் ஏறுகிறேன். லேத்தின் மேல் விரலை வைத்ததும் அந்த முடிவு போய்விடுகிறது.

காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி.

மாமா அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று அம்மா சொன்னால், இஞ்சின் ஓடட்டும் என்பார். எந்த இஞ்சின் என்று எங்களுக்குத் தெரியும். காகிதத்தில் மட்டுமே இருந்த குட்டி நீராவி இஞ்சின் அது.

அவர் விரல்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணாகிராமத்துப் பக்கம் அவர்கள் ஊர். தாத்தா சீக்கிரமே இறந்துவிட, சிறுவனாக இருந்த மாமா பள்ளியை விட்டுவிட்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார். அந்தக் கூலியில்தான் அம்மா படித்து டீச்சரானாள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். மாமாவின் விரல் நுனிகள் ரேகை அழிந்து, கறுத்து, செருப்புத் தோல்போல மரத்துக் கிடந்தன. சூடான டம்ளரை வெறுங்கையால் தூக்கிக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பார். நான் அதை ஒரு வித்தையென்றே நினைத்திருந்தேன்.

கடலூர் முதுநகரில் மூடிய பட்டறையொன்றில் இயந்திரங்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமா கிளம்பினார். தேவனாம்பட்டினத்தில் கடல் காட்டுகிறேன் என்று சொல்லி என்னையும் கூட்டிப்போனார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பட்டறையில் ஒரு மில்லிங் இயந்திரமும் இரண்டு லேத்துகளும் இருந்தன. மாமாவால் ஒன்றைத்தான் வாங்க முடியும். மில்லிங்கைச் சுற்றி வந்தார், லேத்தைச் சுற்றி வந்தார், மறுபடி மில்லிங்குக்குப் போனார். நான் வாசலுக்கும் அவருக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

"கரும்பாலையா வைக்கப் போற தம்பி?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லண்ணே. சின்னதா ஒரு பொம்ம இஞ்சின்."

"பொம்மைக்கா இம்மாம் இரும்பு? திருவிழாவுல ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போவியா!"

மாமா கோபப்படவில்லை. லேத் இருந்தா மில்லிங் வேலைய எப்படியாவது ஒப்பேத்திடலாம் மாப்ள, மில்லிங்க வச்சி லேத் வேல ஆவாது என்று எனக்கு விளக்கினார். சரி, ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து எந்த லேத் என்று ஆரம்பித்தார். ஒன்று புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளத்தது. மற்றது துருவேறி மூலையில் கிடந்தது. கரண்ட்டைத் துண்டித்துவிட்டதால் எதையும் ஓட்டிப் பார்க்க வழியில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

லேத்தில் வெட்டும் உளி ஒரு நீண்ட இரும்புத் தளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். அந்தத் தளம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் கடைவது எதுவும் ஒரே பருமனில் வராது. மாமா பச்சை லேத்தின் தளத்தைத் தடவினார். மீண்டும் தடவினார். பிறகு பட்டறைக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"என் வெரலுக்குத் தெரியல மாப்ள. நீ நகத்த வச்சி மெதுவா இழுத்துப் பாரு. எங்கயாவது தட்டுச்சின்னா சொல்லு."

இழுத்தேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. மெல்லிய விளிம்பு; சந்தேகமே இல்லை. சொன்னால் மூலையிலிருக்கும் லேத்தைத் துடைத்து, தடவி, யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இருட்டிவிடும்.

"வழவழன்னு இருக்கு மாமா."

அன்றைக்குக் கடலைப் பார்த்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு அலையில் குதித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

லேத் லாரியில் வந்து பின்கட்டில் உட்கார்ந்தது. மாமா இஞ்சினின் பிஸ்டனைக் கடையத் தொடங்கினார். கல்லூரி விட்டு வந்ததும் கடைவார், அளப்பார், தூக்கிப் போடுவார். ஒவ்வொன்றும் ஒரு முனையில் சற்றே பருத்து வந்தது. சிலிண்டருக்குள் பாதி போய் நின்றுவிடும். மூலையில் வீணான பித்தளைத் துண்டுகள் சேர்ந்தன. ஒருநாள் என்னை அழைத்தார்.

"அன்னிக்கி நல்லா தடவிப் பாத்தல்ல மாப்ள?"

"பாத்தேன் மாமா."

"நீ பாத்துருந்தா சரிதான்."

அதன்பின் அவர் லேத்தைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகிப்பாரோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் என்னை இவ்வளவு நம்பியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. கடையில் விரல் வைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. மாமா, அம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இருவரும் இன்று இல்லை. இருந்த காலத்தில், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டே வளர்ந்து, வேலைக்குப் போய், தாத்தாவும் ஆகிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா லேத்தின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வித்துடலாம்க்கா. மிஷின்ல ஒண்ணும் கொற இல்ல. கொட்ட ஒடச்ச கை, இதுக்கெல்லாம் ஆவாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் குறை சொல்லத் தெரியாதவர். நான் கதவோரம் நின்று, லேத்தின் மேல் பழி விழவில்லை என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மாமாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. மாமா கையை இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை. பித்தளைத் தூள் குத்தியிருக்கிறது, அதைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். உதவி செய்ய வேண்டும்போல இருந்தது.

"ஊக்கு எடுத்தாரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.