ஸலாஹுதீன் நானா கடையில் ஒரு கறுப்புப் பை

ஆலங்குடா ஸலாஹுதீன் நானா, கடலோரத்து அந்தோனியார் கோயில் திருவிழாவில் இருபத்திரண்டு வருசமாகத் தொதல், மஸ்கட் என்று இனிப்புகள் விற்கிறவர். அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தொதல் இல்லை, மேசைக்கு அடியில் கிடக்கும் பைகள்தான். கடலில் குளிக்கப் போகிற சனம் "நானா, பார்த்துக்கொள்ளுங்க" என்று வைத்துவிட்டுப் போகும். சீட்டுமில்லை, கூலியுமில்லை.

ஈஸ்டர் அன்று முஸ்லிம் பேர்க்காரர் சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்த பிறகு வந்த திருவிழாவில் ஒருத்தரும் பை வைக்கவில்லை. அது போதாதென்று, அவருடைய தம்பி நஜாத்தை விசாரிக்க என்று ஜீப்பில் ஏற்றிய பொலிஸார் ஐந்து மாதம் கழித்துத்தான் விட்டார்கள். குண்டு வருகிறது என்று முன்கூட்டியே சேதி வந்தும் சும்மா இருந்தவர்கள், ஒரு பாவமும் அறியாதவனைப் பிடிப்பதில் மட்டும் என்ன கெட்டிக்காரத்தனம்! மறுபடி முதல் பையை வைத்தவர் சிலாபத்து மீனவர் தோமஸ். அதை நானா இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்த வருசம் கடைக்குப் பின்னால் பாயை விரித்து மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறார், மேசைக்கு அடியில் ஒரு புதுக் கறுப்புப் பை. யார் வைத்தது? தள்ளிப் பார்த்தால் கல்லுக் கனம். பாதி திறந்த சிப் வழியாகச் சிவப்பு வயர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!"

பொலிஸிடம் சொன்னால் முதல் கேள்வி பையைப் பற்றி வராது, தன் பேரைப் பற்றித்தான் வரும். நஜாத்தின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் பக்கத்திலேயே பலூன் கடையைச் சுற்றிப் பிள்ளைகள். "எல்லாரும் அங்கால போங்க!" என்று கத்திவிட்டுக் கோயில் வாசலுக்கு ஓடினார்.

பையைப் பற்றிச் சொன்னதும், வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "பெரிய சேர் சாப்பிடப் போயிருக்கார், வரட்டும்" என்றான்.

வரட்டுமாம்! நானா திரும்பி ஓடிவந்து, மேசைக்குக் கொஞ்சம் தள்ளிக் கையை விரித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிசம். வெயிலில் சனத்தை விரட்டி விரட்டித் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் மனுசன் இடத்தை விட்டு அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்ததும் கேட்டது இதுதான்: "உன் அடையாள அட்டை எங்கே?" பேரை இரண்டு தரம் வாசித்து, அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் தலை ஈரத்தோடு ஓடிவந்தார் தோமஸ். "ஐயோ நானா, அது என்ட பை! மீன்பிடி போட்டுக்கு வாங்கின புது பெற்றரி, சுவாமிட்ட ஆசீர்வாதம் வாங்கக் கொண்டு வந்தனான். நீங்க தொழுதுகொண்டிருந்தீங்க. குழப்பக் கூடாதெண்டு சொல்லாம வைச்சிட்டுப் போயிட்டன்."

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து, உள்ளே மின்கலத்தைப் பார்த்துச் சிரித்தார். "சரி, நீங்க போங்க" என்றார் தோமஸிடம். நானாவின் அட்டை மட்டும் அவருடைய சட்டைப் பையிலேயே கிடந்தது.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயமெல்லாம் நானாவுக்குக் கோபமாகப் பொங்கியது. "சேர், நான் வந்து சொல்லி நாப்பது நிமிசம். இது நெசமாவே வெடிச்சிருந்தா, இப்ப நீங்க யார்ட அடையாள அட்டையத் தேடிக்கொண்டு நிப்பீங்க?"

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றுபோனது. வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து நீட்டினார். அதை வாங்கிப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, நானா தோமஸின் பையைத் திரும்ப மேசைக்கு அடியில் தள்ளினார்.