மச்சான் சொன்ன விலை

போசரியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், டீ நேரத்தில் எங்கள் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளின் முதல் பிறந்த நாளுக்குப் படம் எடுத்துத் தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று மராத்தியில் கேட்டார். அதுவரை என் படத்துக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

விலை தெரிந்தவன் சொந்தத்திலேயே இருந்தான், என் மனைவியின் தம்பி. அவனிடம் கேட்கத்தான் எனக்கு மனமில்லை. கேமராவை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டியதே நான். இப்போது அவன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஔந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அவன் எடுத்த படங்களைத்தான் காட்டுவாள்.

அவளே போனை ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் கேட்டாள்.

"நான் ஒரு பர்த்டேக்கு இருபத்தஞ்சு வாங்குறேன் மாமா. உங்களுக்கு இது ஃபர்ஸ்ட் டைம். எட்டு சொல்லுங்க, போதும்."

பாசமாகத்தான் சொன்னான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் எட்டு என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது "பஞ்சவீஸ் ஹஜார்", இருபத்தைந்தாயிரம். சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். அதன் பிறகு சில நாள் அவர் என்னிடம் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார்.

விஷயம் தெரிந்ததும் மனைவி, "அவன் ரேட்டு அவனுக்கு. உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றாள்.

கடைசியில் பன்னிரண்டாயிரத்துக்கு முடிந்தது. மச்சான் சொன்னதைவிட அதிகம் என்று சந்தோஷப்பட்டேன். அவன் வாங்குவதில் பாதிகூட இல்லையே என்று தோன்றியதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

பிறந்த நாளன்று குழந்தை கேக்கைப் பார்த்ததுமே வீறிட்டு அழுதது. அழுது ஓய்ந்து அப்பாவின் தோளில் தூங்கிவிட்டது. விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அது எழுந்துவிடக் கூடாதென்று சூப்பர்வைசர் ஜன்னலோரம் அசையாமல் நின்றார். கம்பெனியில் எல்லோரையும் விரட்டும் மனிதர் அப்படி நின்றதை எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் அவர் பெரிதாக ஃபிரேம் போட்டுக்கொண்டார்.

மச்சானும் அதை என் போனில் பார்த்தான். பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தான். அவன் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னால இப்படி எடுக்க முடியாது மாமா" என்று சிரித்தான். கையோடு, கடக்வாஸ்லாவில் ஒரு கல்யாணம் இருக்கிறது, இரண்டாவது கேமராவுக்கு வாருங்கள், ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் தருகிறேன் என்றான். நானாகப் பேசி வாங்கியதைவிட அவன் கொடுப்பது அதிகமாக இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மனைவி சரி என்றுவிட்டாள்.

போனேன். பெண் வீட்டாரிடம் அவன், "எங்க மாமா. எனக்குக் கேமரா கத்துக்கொடுத்தவர்" என்று அறிமுகப்படுத்தினான். ஒரு குறை சொல்லக்கூட இடம் கொடுக்காமல் நடந்துகொண்டான். ஒரு படமாவது கலங்கியிருக்காதா என்று அன்று முழுக்க அவன் கேமராவை எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன.